ஜனவரி ஒன்றில் பிறந்த முப்பத்தேழு பேர்

கம்ப்யூட்டர் ஆபீஸ் வேலை என்றால் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுவது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே இருந்தவர்களைக் கேளுங்கள், அதை விற்றவனோடு மல்லுக்கட்டுவதற்கே ஆயுசு போதாது என்பார்கள்.

எழுபதுகளின் கடைசியில் ஈப்போ பழைய டவுனில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. பேராக் மாநிலத்தில் பன்னிரண்டு ரப்பர் தோட்டங்களைப் பார்த்துக்கொண்ட ஒரு கம்பெனியின் மாடி அறை. அங்கே நானும் காதர் அண்ணனும்தான். ஆட்களின் விவரங்களை டைப் செய்து உள்ளே ஏற்றுவது என் வேலை, மெஷினை ஓட்டுவது அவர் வேலை. ஜெலாப்பாங்கிலிருந்து பஸ்ஸில் வியர்த்து வழிந்து வந்து இறங்குவேன், அறைக்குள் நுழைந்ததும் ஸ்வெட்டர் மாட்டிக்கொள்வேன். குளிர் எங்களுக்கில்லை, மெஷினுக்கு. மெஷினும் அதற்குள் ஓடும் புரோகிராமும் ஒரே பெரிய கம்பெனியுடையவை. பெயர் வேண்டாம். உங்கள் ஆபீஸிலும் அவர்கள்தான் இருந்திருப்பார்கள், இல்லாவிட்டால் அவர்களுடைய பங்காளிகள்.

கீழே வருவதில் பாதி, சிரித்துவிட்டு மறந்துவிடலாம். மீதி, காம்பார் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்த, லெட்சுமி அக்காவின் வேலையையும் வீட்டையும் பற்றியது. அவை இரண்டும் போகப் பார்த்ததில் என் விரல்களுக்கும் பங்கு உண்டு. அதனால் நான் மறக்கவில்லை.

முதல் ஆள்

மெஷினை விற்றவர் மிஸ்டர் வோங். மலாயும் இங்கிலீஷும் கலந்து பேசுவார், நான் தமிழில் சொல்கிறேன். நாங்கள் கே.எல். என்று சொல்லும் கோலாலம்பூரிலிருந்து வந்து, தானே கொண்டுவந்த இருபது பெயர்களை வைத்து மெஷினை ஓட்டிக் காட்டினார். இருபதும் வெள்ளைக்காரப் பெயர்கள். அவர்கள் எல்லோருக்கும் பிறந்த தேதி இருந்தது, வீட்டு நம்பர் இருந்தது, ஒருவர்கூட மழையில் நனைந்ததில்லை. மெஷின் ஒரு தடுமாற்றம் இல்லாமல் ஓடியது.

எங்கள் மேனேஜர் மிஸ்டர் நாதன் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். தோட்டத்துக்கு ஒத்துவருமா? வரும். நம் ஆட்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றலாமா? மாற்றலாம். நோட்டுத் தீர்ந்தும் வோங்கின் தலையாட்டல் தீரவில்லை. பின்னால் நின்ற காதர் அண்ணன் மட்டும், இது இப்போது எந்தத் தோட்டத்தில் ஓடுகிறது, ஒரு நாள் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். வோங் அவர் தோளில் கைபோட்டுச் சொன்னார்: “நீங்கதான் அங்கிள் ஃபர்ஸ்ட்டு. மத்தவங்க எல்லாம் இனிமே உங்களப் பாக்கத்தான் வரப்போறாங்க!”

காலியாக விடக்கூடாது

தோட்ட ஆபீஸில் கணக்கும் எழுத்தும் பார்ப்பவரைக் கிராணி என்போம். பன்னிரண்டு கிராணிகளும் ஆள் பதிவுப் புத்தகங்களை அனுப்பி வைத்தார்கள். பிறந்த தேதிக் கட்டத்தைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ‘சண்டைக்கு முன்’ என்று ஒன்று. ‘ஜப்பான்காரன் வந்தப்ப நடக்கத் தெரியும்’ என்று ஒன்று. பலருக்கு ஒன்றுமே இல்லை. காம்பார் தோட்டத்தில் மட்டும் அப்படித் தேதி இல்லாதவர்கள் முப்பத்தேழு பேர். மெஷின் காலிக் கட்டத்தை ஏற்காது. ‘கீ’ என்று கத்திவிட்டு அதே இடத்தில் நின்றுகொள்ளும்.

வோங்குக்குப் போன் போட்டேன். எல்லோருக்கும் முப்பதாம் வருடம் ஜனவரி ஒன்று என்று போடச் சொன்னார். ஏன் முப்பது என்றேன். முழு எண், ஞாபகம் வைக்கச் சுலபம் என்றார். ஒரே மத்தியானத்தில் முப்பத்தேழு பேருக்கும் அடித்து முடித்தேன். இருபத்திரண்டாவது பெயர் லெட்சுமி. அந்தக் கட்டத்தின் ஓரத்தில் கிராணி பென்சிலில் எழுதியிருந்தார்: ‘சண்டை முடிஞ்சப்ப முன்பல் விழுந்திருந்தது.’ பல் விழுகிற வயது எனக்குத் தெரியும். இந்த அம்மா முப்பதில் பிறந்திருக்க முடியாது என்றும் தெரியும். இருந்தும் அடித்தேன். காரணம், அடிப்பதற்கு முன் வோங்கிடம் கேட்டிருந்தேன், அவரும் சொல்லியிருந்தார்: “சும்மா போட்டு வைங்க மிஸ், அப்புறம் எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம்லா!”

காம்பாரில் பனி

ரப்பர் தோட்டத்தில் மழை பெய்தால் வேலை இல்லை. மரம் நனைந்திருந்தால் பால் கோப்பைக்கு வராது, பட்டை முழுக்க வழிந்துவிடும். விடிகாலையில் ஆட்கள் பெரட்டுக்கு வருவார்கள், அதாவது பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு. மழை விடாவிட்டால் வீட்டுக்குத் திரும்புவார்கள். இந்த நாளை மெஷினுக்குள் எப்படிப் போடுவது? வேலை இல்லாத நாளுக்கு என்று புரோகிராமில் ஒன்பது எழுத்துகள் இருந்தன. நோய்க்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, கோர்ட்டுக்குப் போவதற்குக்கூட ஒன்று. மழைக்கு இல்லை. பனி கொட்டும் நாளுக்கு இருந்தது. எழுத்தே போடாமல் விட்டால், சொல்லாமல் வராத ஆள் என்று எடுத்துக்கொண்டு மெஷின் தானாகவே எச்சரிக்கைக் கடிதம் அடித்துவிடும்.

மழைக்கு ஒரு எழுத்து சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டோம். எட்டு மாதம் ஆகும் என்றார்கள். அவ்வளவு நாள் மழை காத்திருக்காது என்று சொல்லிவிட்டு, காதர் அண்ணன் அன்றைக்கே பனியைப் போட ஆரம்பித்தார். அந்த நவம்பரில் காம்பாரில் பதினோரு நாள் பனி பெய்தது, ஹுத்தான் மெலிந்தாங்கில் பதினான்கு. கிராணிகளும் பழகிவிட்டார்கள். காம்பார் கிராணி ஆரோக்கியம் அண்ணன் காலையில் போன் போடுவார், பின்னால் தகரக் கூரையில் மழை அடிக்கும் சத்தம் கேட்கும், அவர் கொஞ்சம்கூடச் சிரிக்காமல் சொல்வார்: “தங்கச்சி, இன்னிக்கும் இங்க நல்ல பனி, எழுதிக்குங்க.”

யாருடைய பல்லி

பிரின்டரின் மூடிக்குப் பூட்டு உண்டு, சாவி விற்ற கம்பெனியிடம். நாங்கள் திறந்தால் ஒப்பந்தம் முறிந்துவிடும். ஒரு நாள் காகிதம் உள்ளே சிக்கி, கருகிய வாடை வந்தது. போன் போட்டோம். மூன்று நாள் கழித்து கே.எல்.லிலிருந்து தேவராஜ் என்ற எஞ்சினியர் வந்தார். அந்த மூன்று நாளும் பன்னிரண்டு தோட்டங்களின் பெயர்ப் பட்டியலைக் கையால் எழுதி எழுதி என் விரல் வீங்கிவிட்டது.

தேவராஜ் மூடியைத் திறந்து இடுக்கியால் ஒரு பல்லியை எடுத்து மேஜைமேல் வைத்தார். செத்து, காய்ந்து, முதுகில் எங்கள் கம்பெனி பெயர் பாதி அச்சாகியிருந்தது. இதற்கா மூன்று நாள் என்று காதர் அண்ணன் கேட்டார். அடுத்த தடவை நாங்களே எடுத்துவிடுகிறோம், சாவியை மட்டும் கொடுங்கள் என்றார். தேவராஜ் தங்கமான பையன், ஆனால் அவர் சாப்பிட்டது அவர்கள் சோறு. கோப்பைத் திறந்து ஏதோ எழுதிக்கொண்டே சொன்னார்: “மெஷின் எங்களுதுண்ணே. பல்லி உங்களுது. அத எடுத்ததுக்குத் தனி பில் வரும்.”

வேறு யாரும் சொல்லவில்லை

அடுத்த வருடம் ஆரோக்கியம் அண்ணன் எல்லோருடைய ஐ.சி. அடையாள அட்டையையும் பார்த்து, பிறந்த வருடங்களை ஒழுங்காக எழுதி அனுப்பினார். லெட்சுமி முப்பத்தாறில் பிறந்தவர். சந்தோஷமாகத் திருத்த உட்கார்ந்தேன். மெஷின் மறுத்துவிட்டது. ஏனென்றால் ஆளுடைய நம்பரே பிறந்த தேதியை வைத்துத்தான் உருவாகிறது, அந்த நம்பர் நூறு இடத்தில் பதிந்துவிட்டது. தேதியை மாற்றினால் அந்த ஆளே இல்லாமல் போய்விடுவார். கே.எல்.லுக்கு எழுதினேன். அவர்கள் சிங்கப்பூருக்கு எழுதினார்கள். சிங்கப்பூர் எங்கேயோ எழுதியது. ஐந்து மாதம் கழித்து ஒரு வரி வந்தது: வேறு எந்த வாடிக்கையாளரும் இப்படி ஒரு குறையைச் சொல்லவில்லை. இந்த வரியை நீங்களும் வாங்கியிருப்பீர்கள். வாங்கியவுடன் தப்பு நம்முடையதுதானோ என்று ஒரு கூச்சம் வரும், இல்லையா? எனக்கும் வந்தது. நான்கு வருடம் அந்தக் கூச்சத்தோடு இருந்தேன்.

பிறகு அந்தக் கம்பெனி தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு ஹோட்டலில் விருந்து வைத்தது. ஒவ்வொரு ஆபீஸையும் தனித்தனி மேஜையில் உட்கார வைத்து, நடுவில் தங்கள் ஆட்களை உட்கார வைத்தார்கள். அதனால் பேச முடிந்தது கழிவறை வரிசையில் மட்டும்தான். எனக்கு முன்னால் நின்ற பெண் தைப்பிங்கில் ஒரு தொழிற்சாலைக் கம்பெனியில் என் வேலையையே செய்பவள். மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அவள் கண்ணை அகல விரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அக்கா, எங்ககிட்ட இதே மாதிரி அறுவது பேரு இருக்காங்க. நான் மட்டுந்தான் கேக்குறேன்னுல்ல சொன்னானுங்க!”

அக்டோபர் கடிதங்கள்

எண்பதுகளின் நடுவில் ஓர் அக்டோபர் காலை, யாரும் கேட்காமலே பிரின்டர் ஓட ஆரம்பித்தது. ஐம்பத்தைந்து வயதானவர்களுக்கு மூன்று மாதம் முன்னதாக ஓய்வுக் கடிதம் அடிப்பது அதன் பழக்கம். முப்பத்தேழு பேரில் எட்டுப் பேர் இடையில் வேலையை விட்டிருந்தார்கள். மீதி இருபத்தொன்பது பேருக்கும் ஒரே தேதியில் கடிதம். பாதிக்கு மேல் நிஜமாகவே வயதானவர்கள். பதினோரு பேருக்கு இன்னும் வருடங்கள் பாக்கி. லெட்சுமி அக்காவுக்கு நாற்பத்தெட்டு. புருஷன் இல்லை. இரண்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில். குடும்பத்தில் தோட்ட வேலைக்குப் போக வேறு ஆள் இல்லாததால், வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

தோட்ட மேனேஜர் ஐ.சி.யைப் பார்த்து வேலையில் வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். முடியாது. முன்பு ஒரு தோட்டத்தில் இல்லாத ஆட்களை எல்லாம் கையால் எழுதிச் சேர்த்துச் சம்பளம் எடுத்த கிராணி ஒருவர் இருந்தார். அன்றிலிருந்து பெரட்டில் மெஷின் அச்சடித்த பெயரைத்தான் கூப்பிட வேண்டும் என்பது உத்தரவு. ஜனவரியில் லெட்சுமி அக்காவின் பெயர் அச்சில் வராது. பெயர் வராவிட்டால் மரம் கிடையாது. இதையெல்லாம் எழுதி, தப்பு புரோகிராமுடையது என்று முடித்து, மிஸ்டர் நாதனிடம் கொண்டுபோனேன். அவர் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படம் அவர் தலைக்கு மேலே சட்டம் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்: “சரோஜா, மெஷின் தப்புன்னு எழுதாதீங்க. நமக்கு ட்ரெய்னிங் பத்தலன்னு எழுதுங்க.”

பதினான்கு பக்கம்

வோங்கை வரச் சொன்னோம். அதற்குள் அவர் பெரிய பதவிக்குப் போயிருந்தார், கார் மாறியிருந்தது. பதினான்கு பக்கத்தில் ஒரு பாரம் கொடுத்தார். மாற்றம் ஏன் வேண்டும், யாருக்கு வேண்டும், செய்யாவிட்டால் என்ன நஷ்டம் என்று கேள்விகள். நஷ்டம் என்ற இடத்தில் ‘வீடு’ என்று எழுதினேன். அப்படி எழுதக்கூடாது, கம்பெனிக்கு வரும் நஷ்டத்தை எழுத வேண்டும் என்று அடித்துவிட்டார். கையெழுத்து சிங்கப்பூரில் ஆக வேண்டும், குறைந்தது ஒன்பது மாதம், இல்லையென்றால் அடுத்த வெர்ஷன் வரை பொறுங்கள் என்றார். எங்களுக்கு இருந்தது இரண்டரை மாதம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாற்றிக்கொள்ளலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டேன். குரல் உயர்ந்ததில் காதர் அண்ணன் எழுந்து வந்து நின்றார். வோங் கோபப்படவில்லை, அவருக்கு அது வரவே வராது. பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, ரொம்பவும் அன்பாகச் சொன்னார்: “புரோகிராம்ல ஒண்ணும் ப்ராப்ளம் இல்ல மிஸ். தேதி உங்க டேட்டா. அத டைப் பண்ணது யாரு, நீங்கதானே?”

அனுபவம் இல்லை

நவம்பரில் லெட்சுமி அக்காவே ஈப்போவுக்கு வந்துவிட்டார். இரண்டு பஸ் மாறி, பிளாஸ்டிக் உறையில் ஐ.சி.யும் ஆரோக்கியம் அண்ணன் எழுதிய கடிதமும் கையில். அறைக் குளிரில் அவருக்குப் பல் தந்தியடித்தது. என் ஸ்வெட்டரைக் கொடுத்தேன். “எங்கம்மா இருக்கு எம் பேரு?” என்றார். திரையில் காட்டினேன். அந்தத் தேதியை அடித்தது நான்தான், பென்சிலில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டும் அடித்தேன் என்று சொல்லிவிட்டேன். “நீ என்னம்மா பண்ணுவ? என்னைப் பெத்தவளுக்கே தேதி தெரியல,” என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

வழி ஒன்றுதான் இருந்தது, கண்டுபிடித்தவர் காதர் அண்ணன். லெட்சுமி வேலையை விட்டதாக மெஷினில் முடித்துவிட்டு, சரியான தேதியோடு புது ஆளாகச் சேர்ப்பது. பதினோரு பேருக்கும் பிறகு அப்படித்தான் செய்தோம், முதலில் வந்தவர் இவர். வேலை இருக்கும், வீடு இருக்கும். ஆனால் புது ஆளுக்கு வேலையில் சேர்ந்த தேதியை மெஷின் தானே போட்டுக்கொள்ளும், அதை யாரும் தொட முடியாது. அவர் வேலை செய்த இருபத்து நான்கு வருடமும் கணக்கில் இல்லாமல் போய்விடும். பெரட்டில் பெயர் கூப்பிடுவது சேர்ந்த தேதி வரிசையில். பழைய ஆட்களுக்கு லயத்துக்குப் பக்கத்தில் சமதரையில் மரம் கொடுப்பார்கள், கடைசிப் பெயர்களுக்கு மலைமேல். நான் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. “மலைக்காடா?” என்று மட்டும் கேட்டார். பிறகு, “சரி, போடு. புள்ளைங்களுக்கு வூடு இருந்தாப் போதும்,” என்றார்.

புது ஆள் சேர்க்கும் பாரத்தை வரிவரியாகப் படித்துக் காட்டச் சொன்னார், படித்தேன். ‘முன் அனுபவம்’ என்று ஒரு கட்டம். ‘உண்டு’ என்றால் பழைய நம்பரைக் கேட்கும், பழைய நம்பரைக் கொடுத்தால் ஆளையே ஏற்காது. அதனால் ‘இல்லை’ என்று போட்டேன். “இருவத்தி நாலு வருசம் மரம் வெட்டினவளுக்கா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். மிஸ்டர் நாதன் தன் அறையிலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது. தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். ஸ்வெட்டரை மடித்து என் நாற்காலியில் வைத்தார். கதவுவரை போய், திரும்பி நின்று சொன்னார்: “புதுசாத்தான் பொறக்க வெச்ச, ஏம்மா, தோட்டத்த விட்டு வேற எங்கயாச்சும் பொறக்க வெச்சிருக்கக் கூடாதா?”

அடுத்த வெர்ஷன் மூன்று வருடம் கழித்து வந்து சேர்ந்தது, அதில் பிறந்த தேதியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், காலியாகக்கூட விடலாம், மழைக்கும் ஒரு எழுத்து இருந்தது, ஆனால் சேர்ந்த தேதியை மட்டும் இன்னும் தொட முடியாது, அதனால் லெட்சுமி அக்கா அப்போதும் அனுபவமில்லாத ஆளாக மலைக்காட்டில்தான் வெட்டிக்கொண்டிருந்தார்.